தென்னாப்பிரிக்காவில் நியாயமான சம்பளம் கேட்டு வாங்குவது எப்படி: பேஸ்லிப்பில் தொடங்கி சி.சி.எம்.ஏ. வரை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேஸ்லிப்புகள், அதாவது சம்பளச் சீட்டுகள், பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று என் மனைவியின் சித்தி மகளுடையது, தங்கச்சி முறை. இன்னொன்று அவளோடு அதே கிடங்கில் அதே ஸ்டாக் கன்ட்ரோலர் வேலை பார்க்கும் பையனுடையது. அவனே வாட்ஸ்அப்பில் அனுப்பியதை பிரிண்ட் எடுத்திருந்தாள். அவளுக்கு பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 14,200 ராண்ட். அவனுக்கு 17,900. அவன் சேர்ந்தது அவளுக்கு எட்டு மாதம் பின்னால். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. "அத்தான், சம்பளத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கான்ட்ராக்ட்டில் போட்டிருக்கிறது. நான் அவனைக் கேட்டதே தப்பா?" என்றாள்.

தப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டு தாள்களைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குள் போயிருந்தால் அது தப்பாகியிருக்கும். நான் பன்னிரண்டு வருடமாக டர்பனில் பேரோல், அதாவது கம்பெனிச் சம்பளக் கணக்கு, பார்க்கிறவன், வக்கீல் இல்லை. சம்பளப் பேச்சில் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது மட்டும் மாதா மாதம் பார்த்துப் பழகிவிட்டது. அன்று அவளுக்குச் சொன்னதையும், அப்புறம் நாங்கள் செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் பேஸ்லிப்பை நீங்களே படியுங்கள்

பலர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடிப்படை வேலை நிலைமைகள் சட்டம், அதாவது 1997-இன் 75-ஆம் சட்டம், பிரிவு 33-இல் பேஸ்லிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எந்தக் காலத்துக்கான சம்பளம், மொத்தம் எவ்வளவு, எதற்காக எவ்வளவு பிடித்தார்கள், கையில் வந்தது எவ்வளவு என்பதெல்லாம் தெரிய வேண்டும். மணிக்கணக்கில் கணக்கிட்டால் ரேட், ஓவர்டைம் ரேட், எத்தனை மணி நேரம், ஞாயிறும் பொது விடுமுறையும் எத்தனை மணி என்பதும் வர வேண்டும்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: உங்கள் பதவிப் பெயர். சேர்ந்தபோது போட்ட 'கிளார்க்' என்ற சொல் ஐந்து வருடம் கழித்தும் அப்படியே நிற்கும். நீங்களோ மூன்று பேரை மேய்த்துக்கொண்டிருப்பீர்கள். சம்பளம் கேட்கும் நாளில் எதிர்ப்பக்கம் முதலில் திறந்து பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். தவறாக இருந்தால் சம்பளப் பேச்சுக்கு முன்னாலேயே ஒரு சின்ன மின்னஞ்சல் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அடுத்து மணிக்கூலி. மாதச் சம்பளத்தை 4.33-ஆல் வகுத்தால் வாரச் சம்பளம். அதை உங்கள் வார மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று வரும். வாரம் 45 மணி என்பது, ஓவர்டைம் சேராத வழக்கமான வேலை நேரத்துக்குச் சட்டத்தின் உச்ச வரம்பு. அப்படி உழைப்பவருக்கு மாதம் 194.85 மணி நேரம். நம் தங்கச்சியின் 14,200 ராண்ட் மணிக்கு 72.88 ஆனது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1-இல் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது; ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் 2022-இலிருந்து மற்றவர்களுக்கு உள்ள அதே குறைந்தபட்சக் கூலிதான் என்பதை, நியாயமான சம்பளம் கேட்கக் கிளம்பும் நாம் நம் வீட்டுச் சமையலறையிலும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: எந்தத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்த ஊரில் பாதிச் சண்டை இங்கேதான் தோற்கிறது. 'காஸ்ட் டு கம்பெனி', சுருக்கமாக சி.டி.சி., என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் எல்லாம் அதற்குள் அடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனி சி.டி.சி. 25,000 ராண்ட் என்கிறது. அதில் நிறுவனத்தின் பிராவிடன்ட் ஃபண்ட் பங்கு 1,500, மெடிக்கல் எய்ட் பங்கு 2,100, குரூப் லைஃப் காப்பீடு 400, வேலையின்மைக் காப்பீட்டுக்கு (யு.ஐ.எஃப்.) நிறுவனம் கட்டுவது 177.12, பதின்மூன்றாம் மாதச் சம்பளத்துக்கு ஒதுக்குவது 1,600. இவை எல்லாம் போனால் பேசிக் 19,222.88. இன்னொரு கம்பெனி பேசிக் 21,000 என்கிறது. பிராவிடன்ட் ஃபண்ட் 1,600, மெடிக்கல் எய்ட் 2,100, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். மாதக் கணக்கில் பார்த்தால் அது 26,450. காதில் விழும்போது 25,000 பெரிதாகத் தெரிகிறது. கைக்கு வருவதும் சேர்வதும் 21,000-இல்தான் அதிகம்.

ஆகவே யாரோடு ஒப்பிட்டாலும் பேசிக்கை பேசிக்கோடு, மொத்தத்தை மொத்தத்தோடு. "அவனுக்கு முப்பதாயிரமாம்" என்று கோயில் வாசலில் கேட்டதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

மூன்றாம் படி: வாய் திறந்து பேசுங்கள், சட்டம் இடம் தருகிறது

முதல் படியில் சொன்ன அதே அடிப்படை வேலை நிலைமைகள் சட்டத்தின் பிரிவு 78, தன் வேலை நிலைமைகளைச் சக ஊழியரோடும், முதலாளியோடும், வேறு யாரோடும் பேச ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு என்கிறது. சம்பளம் அதில் அடக்கம். பேசியதற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது பிரிவு 79. கான்ட்ராக்ட்டில் எப்படி எழுதியிருந்தாலும் சட்டத்துக்குப் பின்னால்தான் கான்ட்ராக்ட். 'சம்பளம் ரகசியம்' என்ற வரியைப் பார்த்து அவள் பயந்தாளே, அந்த வரிக்கு அவளுடைய சொந்தச் சம்பளத்தின் மேல் அதிகாரம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பேசலாம் என்பது உங்கள் சம்பளத்தைப் பற்றித்தான். எச்.ஆரிலோ பேரோலிலோ இருந்துகொண்டு கணினியில் அடுத்தவர் சம்பளத்தைப் பார்த்துச் சொல்வது வேறு விஷயம். அதற்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; வேலையும் போகும். ஆயிரம் பேர் சம்பளம் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து ஒன்று கூட வராது, வரவும் கூடாது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "உனக்கு எவ்வளவு?" என்று கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கும். முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். "எனக்கு பேசிக் 14,200. இந்த வேலைக்கு இது சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுடையதைச் சொல்ல முடிந்தால் உதவியாக இருக்கும். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை." தங்கச்சி இப்படித்தான் கேட்டிருக்கிறாள். அவன் பேஸ்லிப்பையே அனுப்பிவிட்டான். பேஸ்லிப் கைக்கு வந்தாலும், அதை வெளியே காட்டலாமா என்று அவனிடம் தனியாகக் கேட்டு வைக்கச் சொன்னேன். உதவி செய்தவனை மாட்டிவிடக்கூடாது.

நான்காம் படி: ஆளை ஒப்பிடாதீர்கள், வேலையை ஒப்பிடுங்கள்

எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு என் மாமனார் ஒரு பதில் வைத்திருக்கிறார். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்கள் தொட்டு, நேட்டால் கரும்புத் தோட்டக் கூலிகளின் ஒப்பந்தத்தில் சம்பளம் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது: முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். பெண்களுக்கு அதில் பாதி. ஒளிவுமறைவே இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சே பாதி கொடுத்தான்" என்பார் அவர்.

அந்தப் பாதிக்குப் பதில் சொல்ல இன்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 6(4) என்று 2014 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே முதலாளியிடம் அதே வேலை, ஏறக்குறைய அதே வேலை, அல்லது சம மதிப்புள்ள வேலை பார்ப்பவர்களுக்கு இடையில் இனம், பால், மதம், வயது, பிறப்பு போன்ற காரணங்களால் சம்பளத்தில் வித்தியாசம் இருந்தால் அது நியாயமற்ற பாகுபாடு.

'சம மதிப்பு' என்பதை எப்படி அளப்பது? விதிகள் நான்கு அளவுகோல் தருகின்றன: பொறுப்பு; திறமையும் தகுதியும்; உடல், மூளை, மனம் சார்ந்த உழைப்பு; வேலை நடக்கும் சூழல். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு உங்கள் வேலையையும் அவர் வேலையையும் எழுதுங்கள். அவள் எழுதியதில் பொறுப்புக் கட்டம் கனமாக இருந்தது: மாத இறுதி ஸ்டாக் எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போடுவது அவள். உடலுழைப்பில் அவன் பக்கம் கொஞ்சம் கூடுதல். ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் அவனிடம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். நாம் விட்டதை அவர்கள் விட மாட்டார்கள்.

வித்தியாசம் இருந்தாலே குற்றம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பணிக்காலம், தகுதி, திறமை, வேலையின் அளவும் தரமும், அந்தத் திறமைக்கு ஆள் கிடைக்காத தட்டுப்பாடு போன்ற காரணங்களை விதிகளே ஏற்கின்றன. 2016-இல் கேப் டவுனில் லேபர் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த டிரைவர்களுக்கு முதல் இரண்டு வருடம் 80 சதவீதச் சம்பளம்தான் என்று தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம். தொழிலாளர் தகராறுகளைச் சமரசம் செய்து விசாரிக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ. அதை அநியாயம் என்றது. கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. எப்போது சேர்ந்தீர்கள் என்பது பாகுபாடு ஆகாது என்றது.

நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதும் இங்கேதான் பிரிகிறது. பால், இனம் போன்று சட்டத்தில் பெயர் சொல்லியிருக்கும் காரணத்தைச் சொன்னால், அப்படி இல்லை அல்லது அது நியாயமானது என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். "வேறு ஏதோ தன்னிச்சையான காரணம்" என்றால் சுமை முழுக்க உங்கள் மேல்.

ஐந்தாம் படி: வெளியே என்ன விலை?

அரசு வேலைகளின் விளம்பரச் சுற்றறிக்கையை அரசுப் பணித் துறையான டி.பி.எஸ்.ஏ. வெளியிடுகிறது, அதில் பதவிக்குப் பக்கத்திலேயே சம்பளம் இருக்கும். உங்கள் வேலையை ஒத்த அரசுப் பதவியைத் தேடிப் பாருங்கள். லாரிப் போக்குவரத்து, உலோகம், துணி தைக்கும் தொழில் என்றால் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த அந்தந்த பார்கெய்னிங் கவுன்சில் நிர்ணயித்த கூலிப் பட்டியல் உண்டு. அதற்குக் கீழே தருவதே சட்டமீறல். தனியார் வேலைத் தளங்களில் வரும் சராசரிகளை நான் அப்படியே நம்ப மாட்டேன். ஜோகன்னஸ்பர்க் சம்பளத்தையும் டர்பன் சம்பளத்தையும் ஒன்றாகக் கலக்கியிருப்பார்கள். பப்ளிக் கம்பெனிகளும் அரசுக் கம்பெனிகளும், அதிகச் சம்பளம் வாங்கும் 5 சதவீதத்தினருக்கும் குறைந்த சம்பளம் வாங்கும் 5 சதவீதத்தினருக்கும் இடையிலான இடைவெளியை வெளியிட வேண்டும் என்று 2024-இல் ஒரு சட்டத் திருத்தம் கையெழுத்தானது. ஆனால் அந்த வருட டிசம்பரில் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இதை விட்டுவிட்டார்கள்.

ஆறாம் படி: புது வேலை என்றால், அந்த மூன்று பேஸ்லிப்

"கடைசி மூன்று மாத பேஸ்லிப் அனுப்புங்கள்." இந்த நாட்டில் இதைக் கேட்காத ஏஜென்சி அபூர்வம். நான் இங்கே வந்து முதல் வேலைக்குப் போனபோது பவ்யமாக அனுப்பிவைத்தேன். பழைய சம்பளத்துக்கு மேல் பத்து சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாதம் பழைய பேரோல் கோப்புகளைத் திறக்க வேண்டி வந்தது. எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவருக்கு 5,000 ராண்ட் அதிகம். பார்த்ததை வைத்து வாதாடவும் முடியாது. அது என் வேலையினால் கண்ணில் பட்டது. அடுத்த வேலை மாறும் வரை அந்த 5,000 தொண்டையில் நின்றது.

இப்போது நான் சொல்லித்தருவது இது. எண்ணை முதலில் அவர்களைச் சொல்ல வையுங்கள்: "இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருக்கும் சம்பள வரம்பு என்ன? அது தெரிந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம்." பேஸ்லிப் கேட்டால், "வேலை உறுதியான பின் சரிபார்ப்புக்குத் தருகிறேன், என் எதிர்பார்ப்பு இந்த வேலையின் பொறுப்பை வைத்து இவ்வளவு" என்று சொல்லலாம். சில இடங்களில் அதற்குமேல் விட மாட்டார்கள். அப்போது கொடுங்கள், ஆனால் பொய் எண் மட்டும் சொல்லாதீர்கள். பிற்பாடு கண்டுபிடித்தால் அதுவே வேலைநீக்கத்துக்குக் காரணமாகும். வரம்பை விளம்பரத்திலேயே போட வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்று 2025-இல் பில்ட் ஒன் சவுத் ஆப்பிரிக்கா கட்சி ஃபேர் பே மசோதா என்று ஒன்றை முன்வைத்தது. மசோதாவைக் கையில் பிடித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போக முடியாது.

ஏழாம் படி: கேட்பது

நேரம் முக்கியம். இங்கே பல நிறுவனங்களின் நிதியாண்டு பிப்ரவரியோடு முடியும். சம்பள உயர்வு மார்ச்சிலோ ஜூலையிலோ வரும். பட்ஜெட் மூடிய பிறகு கேட்டால் நல்ல மேனேஜராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மூன்று மாதம் முன்னால் தொடங்குங்கள்.

முதலில் ஒரு பக்கக் கடிதம். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், உள்ளடக்கம் இவ்வளவு போதும்: என் வேலை இப்போது என்ன (பழைய பதவிப் பெயர் அல்ல), கடந்த பன்னிரண்டு மாதத்தில் கூடிய பொறுப்புகள், தேதியோடு, இந்த வேலைக்கான வரம்பு என்ன, நான் அதில் எங்கே நிற்கிறேன் என்ற கேள்வி, நான் கேட்கும் தொகை, பேச ஒரு நாள். அடுத்தவர் பெயரோ சம்பளமோ இந்தக் கடிதத்தில் வேண்டாம். வீட்டு வாடகை ஏறியது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்பதும் வேண்டாம். அது எல்லோருக்கும்தான் ஏறுகிறது.

அறைக்குள் போனதும் நம் ஆட்கள் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. தொகையைச் சொல்வார்கள், எதிரில் இருப்பவர் இரண்டு வினாடி பேசாமல் இருப்பார், உடனே இவர்களே, "உங்களால் முடிந்ததைப் பார்த்துச் செய்யுங்கள் சார்" என்று இறங்கிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் விலை சில நேரம் மாதம் இரண்டாயிரம் ராண்ட். தொகையைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். தங்கச்சியை எங்கள் மேசையில் உட்கார வைத்து நான் மேனேஜராக நடித்தேன். மூன்று தடவை அவள் தானாக இறங்கினாள். நாலாவது தடவை என் மனைவி மேசைக்கடியில் அவள் காலை மிதித்துக்கொண்டாள்.

நிஜக் கூட்டத்தில் மேனேஜர் சொன்ன காரணம், "அவன் பழைய வேலையிலிருந்து பெரிய பேஸ்லிப்போடு வந்தான்." சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தோம். "அது அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்கிறது. இங்கே நாங்கள் செய்யும் வேலையில் என்ன வித்தியாசம்?" என்று அவள் கேட்டாள். பதில் அப்போது வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

கேட்கும் தொகையை முடிவு செய்யும்முன் ஒரு குழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருட வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஓவர்டைம், ஞாயிறு இரட்டைச் சம்பளம் போன்றவற்றில் சட்டப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் 1-இல் அந்த வரம்பு 261,748.45 ராண்டாக, அதாவது மாதம் ஏறக்குறைய 21,812 ஆக இருந்தது. வருடா வருடம் மாறும். அந்த 2025 வரம்பை வைத்துப் பார்த்தால், 20,800 வாங்குபவர் மாதம் 20 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் ஒன்றரை மடங்குக் கணக்கில் சுமார் 3,200 கூடுதல் வரும். அவருக்கு 22,000 ஆக்கிக்கொடுத்தால் 1,200 ஏறியது போல இருக்கும். ஓவர்டைம் தர வேண்டிய கட்டாயம் போய்விட்டால் உண்மையில் மாதம் 2,000 இறக்கம். இதைத் தெரிந்தே செய்யும் முதலாளிகளும் உண்டு. வரம்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், 'ஓவர்டைம் முன்போலவே தொடரும்' என்று எழுத்தில் வாங்காமல் உயர்வை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் படி: முடியாது என்றால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் நிறுவனத்தின் உள் புகார் முறை, அதாவது கிரீவன்ஸ். பேசித் தீர்க்க முயன்றோம் என்று காட்டினால்தான் அடுத்த கதவு திறக்கும்.

அடுத்த கதவு சி.சி.எம்.ஏ. பாகுபாடு என்றால் ஆறு மாதத்துக்குள் 7.11 என்ற புகார்ப் படிவத்தைக் கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை. முதலில் சமரசம். அது தோற்றால், மேலே சொன்ன வருட வருமான வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர் அங்கேயே நடுவர் விசாரணை கேட்கலாம். மற்றவர்கள், இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் ஒழிய, லேபர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். உள் புகாரை இழுத்தடித்தே ஆறு மாதத்தைக் கரைத்துவிடுவார்கள். முதல் நாளே காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஊரிலிருந்து வேலை விசாவில் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. விசா அந்த முதலாளியின் பெயரில் இருக்கும்போது வாய் திறக்கத் தயங்குவது புரிகிறது. ஆனால் விசா காலாவதியானவரைக்கூடத் தொழிலாளர் சட்டம் தொழிலாளியாகத்தான் பார்க்கும் என்று 2008-இலேயே லேபர் கோர்ட் சொல்லியிருக்கிறது. உரிமை இருக்கிறது, எப்போது பயன்படுத்துவது என்பதை உங்கள் விசா தேதியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: ஒப்புக்கொண்ட பிறகு

தங்கச்சிக்கு சி.சி.எம்.ஏ. வரை போகத் தேவைப்படவில்லை. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, ஜூலையிலிருந்து 16,000, ஜனவரியிலிருந்து 17,200 என்றார்கள். மீதி 700 ஃபோர்க்லிஃப்டுக்காக என்றார்கள். அவள் அந்த லைசென்ஸுக்குக் கம்பெனிச் செலவில் அனுப்பச் சொன்னாள். அதற்கும் சரி என்றார்கள். கைகுலுக்கிவிட்டு வராமல், இரண்டு தொகையும் இரண்டு தேதியும் போட்ட கடிதத்தை வாங்கி வரச் சொன்னேன்.

ஜூலை பேஸ்லிப் வந்ததும் மறுபடி அதே மேசை. பேசிக் 16,000 என்று சரியாக இருந்தது. அந்த மாதம் 18 மணி நேர ஓவர்டைம். அதை மட்டும் பழைய ரேட்டில், மணிக்கு 109.31 என்று போட்டிருந்தார்கள். 123.17 வந்திருக்க வேண்டும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, யாரோ என்னைப் போன்ற ஒரு பேரோல்காரர் ஒரு கட்டத்தை மாற்ற மறந்திருப்பார். இரண்டு வரி மின்னஞ்சல் போட்டாள். ஆகஸ்ட் பேஸ்லிப்பில் 'ஓவர்டைம் நிலுவை' என்று தனி வரியாக 249 ராண்ட் 42 சென்ட் வந்தது.